கரைசேர்ந்த சிறு விமானம்

சிறுவர்கள் திடலிலே பறக்கவிட்டு மகிழும் மாதிரி விமானம் போன்றதொன்று அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்குமோ என்று வினவினால் எவரும் நகைக்கவே செய்வர். ஆயினும் 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அத்தகைய விமானம் ஒன்று கனடாவின் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்தின் கரையை அடைந்தது. அதனை அமைத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தவரான மேனாட் ஹில் என்பவர். அப்போது அவருக்கு வயது 77. கண்பார்வை பெரிதும் குன்றிச் சட்டப்படி பார்வையற்றவராகக் கணிக்கப்பட்டிருந்தார், செவிப்புலனும் மங்கியிருந்தது.

வானொலி அலைகளாற் செலுத்தப்படும் மாதிரி விமானம், செலுத்துவோன் கண்ணுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே பறப்பது வழக்கம். கண்ணுக்கு மறைந்தபின் அது சாய்கின்றதா, நிமிர்கின்றதா என்று அவன் அறியான். ஆகவே புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டுமே மனிதர் அதனைச் செலுத்துவதென்றும், இடைப்பட்ட கடல் முழுவதும் விமானம் தன்னைத் தானே நடத்துவதென்றும் முடிவாயிற்று. செய்மதிகளின் உதவியால் தானிருக்கும் இடத்தை அறிந்து, திசை தவறும்போது திருத்திக்கொள்ளும் நுண்கருவி அதனுள் வைக்கப்பட்டது.

மற்றைய இடர் பாரம். அப்போதைய சர்வதேசச் சாதனை விதிகளின்படி, எரிபொருள் உட்பட மாதிரி விமானத்தின் நிறை 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாதிருந்தது. எரிபொருளைக் கூட்டினால் நிறை மிகும். குறைத்தால் நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடும். எனவே மெல்லிய பல்சா மரத்தினால் உடலை அமைத்து, புறப்படும்போதுள்ள நிறையில் ஏறத்தாழப் பாதி எரிபொருளாகவே இருக்குமாறு வகுத்தனர். முகாம் விளக்குகளுக்கு இடப்படும் சுத்திகரித்த எரிநெய்யே எரிபொருள். அதனைச் சொட்டுச் சொட்டாக அருந்தி நெடுநேரம் ஓடுமாறு சிறிய இயந்திரமொன்று திருத்தியமைக்கப்பட்டது.

முயற்சி உடனே கைகூடிற்றில்லை. 2002ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட விமானங்களுள் ஒன்றேனும் அயர்லாந்தை அடையவில்லை. மாதக்கணக்கில் உழைத்து அமைத்தவை அலைகளுக்கு இரையாயின. ஹில் அவர்களும் நண்பர்களும் குறைகளை ஆராய்ந்து, மறு ஆண்டு மீண்டும் அதே கரைக்கு வந்தனர்.

2003 ஆகஸ்ட் 9ஆம் திகதி மாலை, ஸ்பியர் முனையிலிருந்து அவ்விமானம் கையினால் வீசி ஏவப்பட்டது. பரிசோதனைப் பறப்புகளுக்கு இடமளித்த மேரிலாந்துப் பண்ணையொன்றை நினைவுகூர்ந்து, அதற்கு ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். சற்று நேரத்தில் அது கண்ணுக்கு மறைந்தது. அதன்பின் செய்மதி வழியாக வந்த சிறு தகவல்களே அது பறக்கின்றது என்பதற்குச் சான்று. ஒரு கட்டத்தில் அத்தகவலும் சில மணி நேரம் நின்றுபோயிற்று. கடல் அதனை விழுங்கிற்றோ, கருவிதான் மௌனமாயிற்றோ என்று அறிய வழியில்லை. முந்தைய இழப்புகளை நினைத்திருந்தோர்க்கு அந்த மௌனம் எவ்வளவு கொடிதாயிருந்திருக்கும்! பின்னர் தகவல் மீண்டும் வந்தது. விமானம் தன் வழியிலேயே சென்றுகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 11ஆம் திகதி பிற்பகல், அயர்லாந்தின் கிளிப்டன் நகருக்கு அண்மையிலுள்ள மன்னின் கடற்கரையிலே காத்திருந்த டேவ் பிறவுன், வானொலிக் கருவியைக் கையேற்று அதனைத் தரையில் இறக்கினார். கடந்த தூரம் ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர். பறந்த நேரம் 38 மணி 52 நிமிடத்துக்குச் சற்று மேல். கலத்தில் எஞ்சிய எரிபொருளோ மிகச் சிறிது. கடலுக்கு அப்பால் செய்தி கேட்ட முதியவர் தம் மனைவியை அணைத்துக் கண்ணீர் விட்டார்.

1919ஆம் ஆண்டிலே அல்கொக், பிறவுன் என்னும் இருவர், எங்கும் தங்காது அத்திலாந்திக்கை முதன்முதலாக விமானத்திற் கடந்து இறங்கியதும் கிளிப்டனுக்கு அருகேதான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஹில் 2011ஆம் ஆண்டிற் காலமானார். அவரது விமானம் நடுக்கடலிலே பறந்தபோது உதவிக்கு எந்தக் கையும் எட்டவில்லை. புறப்படுமுன் பொறுமையோடு செய்து வைத்த வேலையே அதனைக் காத்தது. பிள்ளைகளை வளர்த்து வெளியுலகுக்கு அனுப்பும் பெற்றோர்க்கும் இவ்வுண்மை புதியதன்று. கண்ணுக்கு எட்டும்வரை நாம் செலுத்தலாம். அதற்கப்பால் நாம் முன்னர் உள்ளே வைத்தனுப்பியதே வழிகாட்டும்.