குழாய் நின்ற இடம்



தண்ணீரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மகாத் சவுதார் குளம் உங்களுக்குத் தெரியும். நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டுத் திறந்துவிட்ட குளம். ஆனாலும் 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஊர்வலமாகப் போய்த்தான் அதில் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அங்கே காகிதம் வழிவிட்டது, ஆள் மறித்தான். மறிக்க ஆளே தேவைப்படாத ஓர் இடத்தைப் பற்றி இன்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், மஸ்கிங்கம் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி (பேரைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்). அதன் தலைநகரம் சேன்ஸ்வில். நகர எல்லையை ஒட்டி கோல் ரன் என்றொரு குடியிருப்பு. பெரும்பாலும் கறுப்பின மக்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டதால் கிணறு வெட்டியும் பிரயோசனமில்லை. கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்தார்கள். அது பத்தாதபோது நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்த் தண்ணி ஏற்றி வந்தார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர் வீடுகளில் குழாயைத் திருகினால் தண்ணி வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

இது எப்படி முடியும்? கவுண்டித் தண்ணீர் நிர்வாகம் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். சாலைக்கடியில் முதன்மைக் குழாய் போகும். அதிலிருந்து வீட்டுக்குக் கிளை. வாசலில் மீட்டர். மீட்டருக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பில். குழாய் உடைந்தால், தண்ணி கலங்கினால், பில் கூடினால் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் செய்யலாம். வாடிக்கையாளருக்கு எல்லா மரியாதையும் உண்டு. முதன்மைக் குழாயே வராத தெருவில் இருப்பவர் வாடிக்கையாளரே இல்லை. நான் வங்கியில் பேரேடு பார்க்கிறவன், எனக்கு இது நன்றாகப் புரியும். கணக்கில்லாத ஆளுக்கு நாங்கள் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. அவர் எங்கள் ஏட்டில் இல்லை, அவ்வளவுதான்!

கோல் ரன் மக்கள் 2002இல் மாநில சிவில் உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2003இல் ஆணையம் புகாரில் முகாந்திரம் உண்டு என்றது. வழக்கும் தொடுத்தார்கள். 2004இல் குழாய் வந்தது. அரை நூற்றாண்டாக வராத குழாய் வழக்குப் போட்டதும் வந்ததைக் கவனியுங்கள். நிறம் காரணமே இல்லை, கவுண்டியில் இன்னும் பல பேருக்குக் குழாய் கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நம்ம ஊர் அதிகாரிகளின் 'நிதி வரலை'க்கு இது தம்பி.

அதை உடைத்தது ஒரு வரைபடம். எந்த வீட்டில் கறுப்பர், எந்த வீட்டில் வெள்ளையர், எந்த வீட்டுக்கு இணைப்பு என்று வீடுவீடாகக் குறித்தார்கள். சாட்சி சொல்ல வேண்டியதைக் கோடுகளே சொல்லிவிட்டன. 2008 ஜூலையில் நடுவர் குழு நகரம், கவுண்டி, கிழக்கு மஸ்கிங்கம் தண்ணீர் ஆணையம் மூன்றையும் பொறுப்பாக்கியது. 67 பேருக்குச் சுமார் 1 கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு. 1956 முதல் 2003 வரை சுமந்த தண்ணிக்கு அது விலையாகுமா என்பதை சுமந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்ம பக்கம் இரண்டு வழியும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது ஊரறிய நடந்த கொடுமை, செய்தியானது. சேரித் தெரு முனையில் நின்றுபோகிற குழாய் செய்தியாவதில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு உங்கள் ஊராட்சியின் குழாய் வரைபடத்தைக் கேளுங்கள். மேல்நிலைத் தொட்டி எங்கே, வால்வு எங்கே, அதைத் திருகுகிறவர் யார், ஊருக்கு எத்தனை மணி நேரம், சேரிக்கு எத்தனை மணி நேரம் என்று அதன்மேல் பென்சிலால் குறியுங்கள். வரைபடமே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.