தேடுபெட்டியில் எந்தப் பெயரைத் தட்டுவது?

(ஆய்வு மாணவர்களும் மென்பொருள் துறைத் தோழர்களும் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் பேச்சுக்கு 'ஜாவாவில் தேடுதளம் அமைத்தல்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கோடிங் வகுப்பு என்று நினைத்து வந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். அதே காரணத்துக்காக வராமல் போனவர்கள் பலர் இருப்பார்கள். கோடிங்கும் பேசுவேன். ஆனால் பெரும்பகுதி ஒரு பெண் என்னிடம் சொன்ன ஒரு வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு வருகிறேன்.

நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சாதி எதிர்ப்பு இயக்க வரலாற்றுக்கு ஒரு சிறு மின் ஆவணகம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி இதழ்களில் கிடைத்தவற்றின் பக்கப் படங்கள், மறுபதிப்புகள், அரசாணைகள், மனுக்கள் இவைதான் எங்கள் சரக்கு. படமாக இருக்கும்வரை அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். புரட்ட நேரமும் பணமும் உள்ளவர்களே இதுவரை நம் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பது ஆசை.

வரலாற்று ஆய்வுக்கு வருவதற்கு முன் நான் படித்தது கணினிப் பயன்பாடு. தெரிந்த மொழி ஜாவா. அதனால் வாடின் என்ற கட்டமைப்பை எடுத்தேன். பின்லாந்தில் பிறந்தது. 'வாடின்' என்றால் அவர்கள் மொழியில் பெண் கலைமான். திறந்த மூல மென்பொருள். இதில் வசதி என்னவென்றால், திரையில் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு ஜாவாப் பொருள். தேடுபெட்டிக்கு டெக்ஸ்ட்ஃபீல்ட், முடிவுப் பட்டியலுக்கு கிரிட், தெரிவுக்கு காம்போபாக்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் தனியாக எழுத வேண்டியதில்லை. பெட்டியில் எழுதியதை எடு, தரவுத்தளத்தில் கேள், வந்ததை கிரிட்டில் போடு. நூறு வரிக்குள் ஒரு தேடுதளம் ஓடும். கிரிட்டும் புத்திசாலி. ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தாலும் மொத்தமாக இழுக்காது. நீங்கள் கீழே உருட்ட உருட்ட ஐம்பது ஐம்பதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சிக்னல் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு வாரத்தில் முடித்தேன். பெருமையாக முதலில் 'பௌத்தம்' என்று தட்டினேன். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வரும் என்று உங்களுக்குத் தெரியும். கிரிட்டில் ஏழெட்டு வரிகளே வந்தன.

தட்டச்சு செய்து கொடுத்த தோழர்களில் பாதிப்பேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. 'கொ' என்ற எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரே குறியாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். இந்த இரண்டாவதைச் சரிசெய்ய ஜாவாவிலேயே நார்மலைசர் இருக்கிறது, ஒரு வரி வேலை. 'பெளத்தம்' சிக்கலுக்கு எந்த நார்மலைசரும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது, மாற்றினால் 'தெளிவு' கெட்டுவிடும். பௌத்தம், கௌதமர், பௌர்ணமி என்று ஒரு சொற்பட்டியல் எழுதித்தான் தீர்த்தோம். பிறகு ஜாதியும் சாதியும், ஹரிஜனும் அரிசனமும். பழைய 'குடிஅரசு' பக்கங்களில் 'ஜாதி' என்று இருக்கும், இன்றைய மாணவர் 'சாதி' என்று தேடுவார். 1978க்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருப்பதால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும். பெரியார் 1935இலேயே மாற்றிவிட்டதால் 'குடிஅரசு' பக்கங்கள் சில அதே காலத்து மற்ற இதழ்களைவிட நன்றாகப் படிக்கப்படுகின்றன. எழுத்துச் சீர்திருத்தம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இனி இதையும் சொல்லலாம்.

இதெல்லாம் எழுத்துப் பிரச்சினை. உட்கார்ந்தால் தீரும். பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஒரு சமூகத்துக்கு நூறு ஆண்டுகளில் எத்தனை பெயர்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்துகிறார்களோ அதையே தலைப்பில் போட்டு நிமிர்ந்து நிற்பது அவர் வழி. அவருடைய மைத்துனர் அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். அரசு பஞ்சமர் என்று எழுதிக்கொண்டிருந்தது. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. காந்தி ஹரிஜன் என்றார். அண்ணல் அதை ஏற்க மறுத்தார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லை எதிர்த்துத் தம் கட்சியினரோடு வெளிநடப்பே செய்தார். பிறகு பட்டியல் சாதியினர், தாழ்த்தப்பட்டோர், தலித்.

இப்போது ஒரே ஒரு பெயரைத் தட்டித் தேடுபவருக்கு என்ன கிடைக்கும்? 'பறையர்', 'பஞ்சமர்' என்று மட்டும் அரசாணைகளைத் தேடினால் 1922க்குப் பிறகு அந்த மக்கள் கூட்டமே ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். 'தலித்' என்று தேடினால் 1910இல் அவர்கள் பிறக்கவே இல்லை.

தேடல் மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. லூசீன் என்ற நூலகத்தை வாடினுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதில் ஒத்த சொல் பட்டியல் ஒன்று கொடுக்கலாம். ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதும் சொற்கள் எல்லாம் ஒன்று என்று அது எடுத்துக்கொள்ளும். நான் எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் எழுதினேன். '-ன்' விகுதியோடு எழுதப்பட்ட பழைய வசைச் சொற்களும் அந்த வரியில் இருந்தன, ஆவணத்தில் இருக்கிறதே என்பதற்காக. தேடிய சொல் முடிவில் மஞ்சள் நிறத்தில் தெரியட்டும் என்று அலங்காரமும் செய்தேன்.

சோதனைக்கு வந்த முதல் ஆள், முதுகலை முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண். ஏதாவது தேடுங்கள் என்றேன். 'தலித்' என்று தட்டினார். திரை முழுக்க அந்த வசைச்சொல் மஞ்சளில் மின்னியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணா, நான் இதத் தேடலையே."

அது சினானிம் ஃபைல், அப்படித்தான் வரும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் தட்டியது ஒரு பெயர். என் நிரல் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது ஊர்த்தெருவில் அவர் தாத்தாவைக் கூப்பிட்ட பெயர். இரண்டுக்கும் நடுவில் காற்புள்ளி போட்டு 'இரண்டும் ஒன்று' என்று எழுதியது நான். சீனிவாசனும் அயோத்திதாசரும் எதற்காக ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்களோ, அண்ணல் எதற்காக அவையை விட்டு எழுந்து போனாரோ, அதை ஒரு காற்புள்ளியில் முடித்துவைத்திருந்தேன்.

வசைச்சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு தோழர் சொன்னார். எடுத்தால் அந்தச் சொல் மட்டும் உள்ள மனுக்களும் தீர்ப்புகளும் யாருக்கும் கிடைக்காது. கொடுமை செய்தவன் எழுதிய காகிதம் கிடைக்காமல் போவது யாருக்கு லாபம்? வைத்திருக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இரண்டு வாரம் இதில் போனது. நிரல் எழுதியதைவிட இதைப் பேசியதே அதிகம்.

இப்போது இருப்பது இப்படி. ஒத்த சொல் பட்டியலில் காற்புள்ளிக்குப் பதில் அம்புக்குறியும் போடலாம், ஒருவழிப் பாதை. 'தலித்' என்று தட்டினால் பழைய பெயர்களில் உள்ள பக்கங்களும் வரும். வசைச்சொல்லைத் தட்டினால் அது மட்டுமே வரும், தலித் பற்றிய எல்லாம் வந்து கொட்டாது. தேடியவர் தட்டிய சொல்லுக்கு மட்டுமே மஞ்சள் நிறம். வேறு பெயரால் கிடைத்த பக்கம் என்றால், கிரிட்டில் தனியாக ஒரு பத்தி, 'பக்கத்தில் உள்ள சொல்' என்று. அங்கே 'பஞ்சமர்', ஆண்டு, எழுதியது அரசா இயக்கமா என்று இருக்கும். தேடியவர் விரும்பினால் திறக்கலாம். 'நான் தட்டிய சொல் மட்டும்' என்று ஒரு செக்பாக்ஸும் உண்டு, சொல்லாராய்ச்சி செய்பவர்களுக்கு.

முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். 2021இல் நாடாளுமன்றச் சட்டம் ஏழு சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெயரைத் தட்டுபவருக்கு நூறாண்டுக்கு முந்தைய 'பள்ளர்' பக்கத்தைக் காட்டலாமா? எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. 'பறை' என்று தட்டினால் பறைசாற்றினார்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், அது வேறு கதை.

அடுத்தது ஒரு காம்போபாக்ஸ். எங்கள் முன்னோட்டத்தைப் பார்த்த ஒரு பேராசிரியர், எழுத்தாளர்களைச் சாதிவாரியாக வடிகட்டும் தெரிவு வேண்டும், ஆய்வுக்குப் பயன்படும் என்றார். வாடினில் பத்து வரி வேலை. போட்டுப் பார்த்தேன். மூல நூல்களில் யாருக்குச் சாதி எழுதியிருக்கிறது? நம் ஆட்களுக்குத்தான். மற்றவர்கள் அறிஞர், வழக்கறிஞர், தேசபக்தர். அவர்களுக்குச் சாதிப் பத்தி காலி. ஜாவாவில் அதற்கு நல் என்று பெயர், மதிப்பே இல்லை என்று பொருள். அந்தப் பத்தியை இறங்குவரிசையில் அடுக்கினேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இறங்குவரிசையில் காலியானவற்றை முதலில் வைக்கும், அது அதன் இயல்பு. சாதி எழுதப்படாதவர்கள் எல்லாரும் மேலே வந்தார்கள். சாதி எழுதப்பட்டவர்கள் கீழே. நான் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

வேடிக்கைக்கு அப்பால் ஒரு பயம் இருக்கிறது. பழைய இதழ்களில் சந்தாதாரர், நன்கொடையாளர் பட்டியல்கள் ஊர்ப் பெயரோடு இருக்கும். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் கிளைகள் இருந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏதோ ஒரு நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு உரிமையாளருக்குச் சாதி தெரியாது. ஊர், குடும்பப் பெயர், சாதி மூன்றையும் சேர்த்து வடிகட்டும் பெட்டியை நான் செய்து கொடுத்தால் அதை ஆய்வாளர் மட்டும்தான் பயன்படுத்துவாரா? பெட்டியை எடுத்துவிட்டேன். பேராசிரியருக்கு வருத்தம். தனிமனிதர் பெயரைத் தேடலாம், சாதியைச் சொல்லிப் பெயர்களை வாங்க முடியாது.

இன்னொன்று, வாடின் பயன்படுத்தும் தோழர்களுக்காக. நீங்கள் தட்டத் தட்ட முடிவு வரும்படி தேடுபெட்டியை அமைக்கலாம். கையை அரை நொடி நிறுத்தினால் போதும், பெட்டியில் உள்ளது சர்வருக்குப் போய்விடும். அழகாக இருக்கும். ஆனால் எழுதிவிட்டு, யோசித்து, அழித்துவிட்டீர்களே, அந்தச் சொல்லும் போயிருக்கும். தன் சொந்தச் சாதிப் பெயரை முதல்முறையாக ஒரு பெட்டியில் தட்டிப் பார்க்கிற பையன் அதை அழிப்பான். நான் அழித்திருக்கிறேன். அதனால் அந்த வசதியை நிறுத்திவிட்டு 'தேடு' என்று பழைய பாணி பொத்தான் வைத்தேன். தேடிய சொற்களைப் பதிவுக் கோப்பில் எழுதுவதையும் நிறுத்தினேன். அமைப்பு மந்தமாக இருக்கிறது என்று ஒரு மென்பொருள் நண்பர் குறை சொன்னார். இருக்கட்டும்.

நிரல் சார்ந்த வேலை ஏறக்குறைய முடிந்தது. முடியாதது சொற்பட்டியல். எந்தப் பெயர் எந்தப் பெயரைக் கூட்டிவரலாம், எது கூட்டிவரக் கூடாது என்பதை நான் ஒருவன் என் அறையில் உட்கார்ந்து எழுதுவது சரியல்ல. அருந்ததியர் தோழர்கள், புதிரை வண்ணார் தோழர்கள், பழங்குடித் தோழர்கள் கண்ணில் படாமல் அவர்கள் பெயர்களுக்கு நான் அம்புக்குறி போட்டிருக்கிறேன். பட்டியலை அச்செடுத்துப் பின்மேசையில் வைத்திருக்கிறேன். பென்சிலும் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் உங்களுக்குத் தெரிந்த பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் பாருங்கள். தவறான அம்புக்குறியை அடியுங்கள், விட்டுப்போன பெயரை எழுதுங்கள். உங்கள் பெயரை எழுத வேண்டியதில்லை.