விதியா, விஷமா?

(கொருக்குப்பேட்டையில் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே! 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். இதைத் தலைவிதி என்பவர்களைக் கேட்கிறேன்: அந்த விதி பங்களாக்காரன் வீட்டுப் பக்கம் எட்டிப் பாராமல் கூலிக்காரன் குடிசையை மட்டும் தேடி வருவானேன்? சாராயத்தில் இருந்தது மெத்தனால். ஆலைக்குரிய அந்த விஷத்தை அதில் கலந்தவன் மனிதனேயொழிய விதி அல்ல.

அது ஈரலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பைக் கெடுக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவன் வெறும் போதை என்றெண்ணிப் படுத்துவிடுகிறான். உயிரைக் காக்க வேண்டிய நேரமோ அதுதான்!

ஆகையால் கண் மங்கினாலும், வயிறு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் மோர், எலுமிச்சை, விபூதி என்று பொழுதைப் போக்காமல் 108 வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறது! இதற்கு மாற்று மருந்துண்டு. இரத்தத்தைச் சுத்திசெய்யும் டயாலிஸிஸும் உண்டு. போலீசுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து மறைக்காமல், குடித்தது இன்னதென்று டாக்டரிடம் சொல்லுங்கள். கூடக் குடித்தவன் நன்றாயிருப்பதாகச் சொன்னாலும் அவனையும் இழுத்துச் செல்லுங்கள். செத்தபின் கருமாதிக்குக் கடன் வாங்குகிற நாம், சாகுமுன் ஆஸ்பத்திரிக்கு ஓட ஏன் யோசிக்க வேண்டும்?