ஜன்னலைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. படிப்பவர்களுக்காகச் சற்றே திருத்தி எழுதியிருக்கிறேன்.)



"பேங்க்ல இருந்தவர் நீங்க. வீடு வாங்குறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வட்டி, தவணை பற்றிப் பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். அந்தக் கணக்கை இப்போது கைப்பேசியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது வேறு. வீட்டு விளம்பரத்தில் எதைப் போட மாட்டார்கள் என்பதைப் பற்றி.

உங்களில் சிலர் பிள்ளைகளுக்காக வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் இங்கே இருக்கும் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. விற்பவர்கள் கடைசி வரை பொறுமையாக இருங்கள்.

முதலில் விளம்பரத் தமிழைக் கொஞ்சம் பார்ப்போம். "அமைதியான சூழல்" என்று போட்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்க உறவினர் ஒருவருடன் போனேன். அமைதிதான், பொய்யில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மயானம். "ரயில் நிலையம் ஐந்து நிமிடம்" என்றால் விடியற்காலையில், பைக்கில் போனால் ஐந்து நிமிடம். "ஏரியைப் பார்த்த வீடு" என்றால் மழைக்காலத்தில் ஏரியும் வந்து வீட்டைப் பார்க்கும். "24 மணி நேரமும் தண்ணீர்" என்பார்கள். லாரித் தண்ணீரா, போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று சொல்ல மாட்டார்கள். "எதிரே திறந்தவெளி" என்றால் காலி மனை. அங்கே நாளைக்கு எது வேண்டுமானாலும் வரலாம்.

படங்களும் இப்படித்தான். ஹாலுக்கு மூன்று படம், சமையலறைக்கு இரண்டு, விளக்கெல்லாம் போட்டுப் படுக்கையறைக்கு இரண்டு இருக்கும். ஜன்னலில் திரை இழுத்துவிட்டிருக்கும். எந்த அறையின் படம் இல்லை, எந்த ஜன்னல் மூடியிருக்கிறது என்று பாருங்கள். நேரில் போகும்போது முதலில் அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

"பேங்கே லோன் கொடுத்துடுச்சு, இனிமே என்ன சார்?" என்று கேட்டவர்களை என் கவுன்ட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வங்கியின் வக்கீல் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பார். மதிப்பீட்டாளர் வீடு எவ்வளவு விலை போகும் என்று பார்ப்பார். கடன் திரும்பி வருமா என்பதுதான் வங்கியின் கவலை. அடுத்த தெருவில் குப்பை கொட்டுகிறார்களா, ராத்திரி தூக்கம் வருமா என்பதை வங்கி பார்க்காது. அது உங்கள் வேலை.

தவறிவிட்டால் என்ன செலவாகும் என்று ஒரு கணக்கு. 50 லட்சம் கடன், 20 வருடம், எட்டரை சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். மொத்தம் கட்டுவது ஒரு கோடியே 4 லட்சத்துக்கு மேல். பழைய வீட்டைக் கிரயம் செய்ய முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம். பிடிக்கவில்லை என்று இன்னொரு வீட்டுக்கு மாறினால் அந்தச் செலவு மறுபடியும் உண்டு. வாடகை வீடு மாதிரி காலி செய்துவிட்டுப் போக முடியாது.

சரி, சட்டம் காப்பாற்றாதா? ஓரளவு காப்பாற்றும். எந்த அளவு என்று தெரிந்துகொள்வது நல்லது.

கட்டுநர் விற்கும் புதுக் குடியிருப்பாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதனால் விளம்பர நோட்டீஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் வந்த விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள்.

தனி ஆள் ஒருவர் தன் பழைய வீட்டை விற்றால் ரெரா உதவாது. அங்கே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். அதன் 55ஆவது பிரிவில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, விற்பவருக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் தானாகவே சொல்ல வேண்டும். அப்படியென்றால் நீங்கள் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அவர் பொறுப்பில்லை. தெருமுனையில் இருக்கும் குப்பைத்தொட்டியைப் பார்க்காமல் வந்துவிட்டு வழக்குப் போட முடியாது. இரண்டாவது, சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும்.

கேட்டால் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை. வாஸ்து கேட்கிறோம், கார் நிறுத்த இடம் கேட்கிறோம். நாற்றம் உண்டா, தண்ணீர் நிற்குமா என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

புரோக்கர் காரில் போய் இறங்கி அதே காரில் திரும்பாதீர்கள். அவர் நல்ல வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போவார். வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முன்னதாகவே செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். கால்வாய், மயானம், குப்பைக்கிடங்கு, உயர் அழுத்த மின்கம்பி செல்லும் கோபுரம் எல்லாம் மேலிருந்து பார்த்தால் தெரியும்.

ஒரு தடவை போனால் போதாது. ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான். காலை 6 மணிக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட நேரத்தில் ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள். இரவு 10 மணிக்கும் போங்கள். டாஸ்மாக் கடை பக்கத்தில் இருந்தால் மூடும் நேரத்தில் தெரு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். சென்னையில் ஜனவரியில் வடகிழக்கிலிருந்து காற்று வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரவிலும் காலையிலும் மேல்காற்று, பிற்பகலுக்கு மேல் கடல்காற்று. குப்பைமேட்டுக்குக் கிழக்கே இருக்கும் வீட்டில் தை மாதத்தில் ஒரு வாடையும் இருக்காது. ஆனி, ஆடி விடியற்காலையில் ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் அருவருப்பான இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், அது வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அக்கம்பக்கத்தைக் கவனியுங்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் தண்ணீர்க் கறை ஓடுகிறதா? மோட்டாரை மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா? நல்ல காற்று வீசும் நேரத்திலும் எல்லா வீட்டிலும் ஒரே பக்கத்து ஜன்னல்கள் மட்டும் மூடியிருக்கின்றனவா? காரணம் இல்லாமல் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

காகிதத்திலும் பாருங்கள். புல எண்ணை வைத்து வரைபடத்தையும் நில வகைப்பாட்டையும் வாங்கிப் பார்த்தால், பக்கத்தில் இருப்பது வாய்க்காலா, மயானப் புறம்போக்கா என்று தெரியும். ஊர்ப் பெயரும் கொஞ்சம் சொல்லும். தாங்கல் என்றாலே சிறு ஏரி. தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஏரியில் கட்டினால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கள்.

கடைசியாக, ஆட்களைக் கேளுங்கள். இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், தண்ணீர் கேன் போடும் பையன், மளிகைக்கடை அண்ணாச்சி, வீட்டு வேலை செய்யும் அம்மா. "ஏரியா எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஏரியாதான்" என்பார்கள். "2015 டிசம்பரில் தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு? 2023 புயலப்போ எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேளுங்கள். சரியான பதில் வரும்.

அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்படி ஒருவர் வந்து என்னைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. கேட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் விற்பனைக்கு வந்த தரைத்தள வீட்டைப் பார்க்க ஒரு தம்பி வந்தார். போகும்போது என்னிடம் நின்று, "சார், அந்தக் கடைசியில இருக்கிற பம்பிங் ஸ்டேஷனால ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார்.

நமக்கு மேற்கே இருக்கும் அந்தக் கழிவுநீர் நிலையத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்ன பதில்: "பெரிசா ஒண்ணும் இல்லை தம்பி."

விற்றவர் எனக்கு இருபது வருட நண்பர். மகள் கல்யாணத்துக்காக விற்றார். அவர் பிழைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். என் வீட்டு விலையும் மனதில் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஜூன் மாதம் அந்தத் தம்பி குடிவந்தார். வயதான அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. அவர் அதிகம் நடமாட முடியாதவர். காற்றாட உட்காரட்டும் என்றுதான் தரைத்தள வீடாகப் பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்த ஜன்னல் பகலெல்லாம் மூடியே இருக்கிறது. ஒரு நாள் வாசலில் என்னைப் பார்த்த தம்பி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

விற்பவர்களுக்கு இப்போது என் வேண்டுகோள். உண்மையைச் சொன்னால் விலை குறையும் என்பீர்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் இதையும் யோசியுங்கள். அந்த நிலையத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை என்று சங்கம் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட நாமே விளம்பரத்தில் "தூய காற்று, இயற்கைச் சூழல்" என்று எழுதுகிறோம். அந்த விளம்பரத்தை எடுத்து நீட்டி, "இதில் எது உண்மை?" என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வோம்? நாற்றம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால்தான் அதைப் போக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

இன்னொன்று, ஏமாந்து வாங்குபவர் வேறெங்கும் போவதில்லை. நமக்குப் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் வருகிறார்.

அதனால் ஒரு யோசனை. நம் நகரைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி சங்க அலுவலகத்தில் வைப்போம். கழிவுநீர் வாடை எந்த மாதங்களில், எந்த நேரத்தில் வரும். எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும். லாரித் தண்ணீர் எப்போது வாங்குகிறோம். கூடவே நல்லதையும் எழுதுவோம்: நூலகம், பூங்கா, ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஓடிவரும் நான்கு பேர். வீடு பார்க்க யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளைக் கொடுப்போம். முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

தாள் தயாராகும் வரை, கேட்டருகே நின்று யாராவது உங்களைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.