மீன்கடையில் கேட்ட மணி

குத்தூசோ வரைந்த 'வுச்சீரியா' ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஓவியத்துக்கு வருவேன். அதற்கு முன் என் நெஞ்சுக்குள் இருக்கிற பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் பலெர்மோவுக்கு வந்தது 1989இல். சான் தொமெனிக்கோ தேவாலயத்துக்குப் பக்கமாக இறங்கினால் வுச்சீரியா சந்தை. சிவப்புப் பந்தல்கள், ஐஸில் கிடக்கும் மீன், தொண்டை கிழியக் கூவும் வியாபாரிகள். இறைச்சிக்கடைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்று சிசிலியப் பேச்சில் அதற்குக் கூச்சல் என்றே பொருள். அங்கே தரையில் பதித்த கற்களை 'பலாத்தி' என்பார்கள். எப்போதும் ஈரம். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு, "வுச்சீரியாவின் பலாத்தி காயும்போது பார்க்கலாம்" என்பது ஊர் வழக்கு. அந்தக் கல் இப்போது காய்ந்துவிட்டது. பகலில் சில கடைகள்தான் மிச்சம். இரவில் இளைஞர்கள் குடிக்க வருகிறார்கள்.

போன வருடம் ஒரு காலை, எட்டு மணி. சாளை வாங்கிக்கொண்டு நின்றேன். பீப், பீப் என்று சத்தம். மீன்காரர் தன் தராசைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். மறுநாளும் அதே நேரத்தில் கேட்டபோதுதான் சத்தம் என் நெஞ்சிலிருந்து வருகிறது என்று விளங்கியது. பழைய வுச்சீரியாவாக இருந்தால் கேட்டிருக்காது.

என்னுடையது துடிப்பு தாறுமாறாக ஓடினால் மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்கும் கருவி. மாரடைப்புக்குப் பிறகு ஒன்பது வருடம் முன்பு வைத்தார்கள். ஒரேயொரு முறை அடித்திருக்கிறது, பஸ்ஸுக்குள். குதிரை உதைத்த மாதிரி. அன்று அது இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் அதன் பிறகு பஸ் ஏற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பற்றரி முடிகிறது, சுமார் மூன்று மாதம் தாங்கும் என்றார் டாக்டர். பற்றரியை மட்டும் மாற்ற முடியாது, முழுப் பெட்டியையும் எடுக்கவேண்டும். இதயத்துக்குப் போகும் வயர்கள் அப்படியே இருக்கும். முதல் முறையைவிட மாற்றும்போது கிருமித்தொற்று வருகிற வாய்ப்பு அதிகம். மாற்றாமலும் விடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு 76 வயது. மனைவி போய்விட்டாள். மூளை மங்கிப் படுக்கையில் கிடக்கும்போது இது என்னை உதைத்து உதைத்து எழுப்பினால் என்ன செய்வது?

லண்டனிலிருந்து மகள், "அப்பா, ஒரு பற்றரி மாத்த இவ்வளவு யோசிக்கிறீங்களோ?" என்றாள். ஆர்னே லார்சனின் கதையையும் அனுப்பினாள். 1958இல் ஸ்டாக்ஹோமில், உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர். அது சில மணி நேரமே ஓடியது. பிறகு மாற்றி மாற்றி மொத்தம் 26. அதைச் செய்த எல்ம்க்விஸ்ட், பொருத்திய சென்னிங் இருவரும் போன பிறகும் இருந்து, 2001இல் 86 வயதில் இறந்தார். "அவருக்கு முதல் பெட்டி வைக்கேக்க வயசு 43, பிள்ளை" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் ஸ்தேரி மாளிகைக்குப் போய் ஓவியத்தைப் பார்த்தேன். குத்தூசோ 1974இல் இதை வரைந்தது இங்கேயல்ல, வடக்கே வெலாத்தேயில். ஊரை விட்டுத் தூர இருந்தவன் வரைந்த சந்தை என்பது நமக்குப் புரியும். விலாவெலும்பு தெரியத் தொங்கும் மாட்டை யாரும் பார்க்கவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு மரக்கறி வாங்கப் போகிறார்கள். நான் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் மரக்கறி வாங்கவேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

டாக்டரிடம் திரும்பிப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: அதிர்ச்சியை மட்டும் பிறகு நிறுத்த முடியுமா? முடியும், கத்தி வேண்டாம், வெளியிலிருந்தே சில நிமிட வேலை என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

மாற்றச் சம்மதித்தேன். கூடவே, இத்தாலியின் 2017ஆம் ஆண்டு 219ஆம் இலக்கச் சட்டப்படி, நான் பேச முடியாத நிலைக்குப் போனால் எப்போது அதிர்ச்சியை நிறுத்தவேண்டும் என்று எழுதினேன். என் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடவேண்டும். மகள் விமானம் ஏறி வந்தாள். இரண்டு தரம் வாசித்தாள். "என்னட்டையே இதைத் தாறீங்கள்?" என்று அழுதாள். பிறகு பேனை கேட்டாள்.

நகரசபையில் கொடுத்துவிட்டு, இருவரும் சாளை வாங்கப் போனோம். மீன்காரர் என் நெஞ்சைக் காட்டி, "சத்தம் நின்றுவிட்டதா?" என்று கேட்டார். அடுத்த செவ்வாய் ஆபரேஷன் என்றேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஓவியத்தைப் பற்றியும் கேட்கலாம்.