வெயிலுக்கேற்ற பழ ஐஸ்: வீட்டிலேயே செய்வோம்

தோட்டங்களில் பாடுபடும் தாய்மார்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும் ஒரு சிறிய விஷயத்தை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டிலேயே பழ ஐஸ் செய்வது எப்படி என்பதுதான் அது. 'ஐஸ் தின்பதற்கு ஒரு பேச்சா?' என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்தக் குளிர்ந்த கிண்ணத்துக்குள் பிள்ளைகளின் வயிற்று நலமும், குடும்பத்தின் சர்க்கரை அளவும், வீணாகிப் போகும் பழங்களின் மதிப்பும் அடங்கியிருக்கின்றன. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

நாம் இதைத் தெம்பனிஸிலிருந்து பேசுகிறோம். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள இந்த ஊருக்குப் பெயர் வந்தது தெம்பினிஸ் என்னும் உறுதியான காட்டு மரத்தினால். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் இவ்விடம், 1970கள் வரை ரப்பர் தோட்டங்களும் கம்பங்களும் மணல் குழிகளுமாக இருந்தது. 1970களின் கடைசியில்தான் புதிய நகரம் எழத் தொடங்கியது. 1992இல் உலகக் குடியிருப்பு விருதையும் இந்த நகரம் பெற்றது. அடுக்குமாடியில் குடியிருந்தாலும், பால்மரக் காட்டின் நினைவு இந்த மண்ணை விட்டுப் போய்விடவில்லை. அதனால் தோட்டத்துக் குடும்பங்களோடு பேசுவது நமக்கு அந்நியமான காரியம் அன்று.

நம் பக்கத்தில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயில்தான். ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் அதிகம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். 1983 ஏப்ரலில் தெங்காவிலும், பிறகு 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் இந்த அளவு பதிவாயிற்று. இப்படிப்பட்ட நாட்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் "அம்மா, ஐஸ் வாங்கக் காசு கொடு" என்று நச்சரிப்பது இயற்கையே.

ஐஸ் என்பது ஒரு காலத்தில் பணக்காரர்களின் பொருளாக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. சிங்கப்பூரில் வாம்போவா என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே, 1854இல் பனிக்கட்டி வரவழைக்கும் வணிகத்தில் இறங்கி, ஆற்றோரம் ஐஸ் கிடங்கு அமைத்தார். பின்னர் இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை வந்தது, விலையும் குறைந்தது.

அதன் பிறகு ஐஸ் தெருவுக்கு வந்தது. கத்தி பதித்த மரப்பலகையில் ஐஸ் கட்டியைத் தேய்த்து, சீவிய தூளைக் கையால் உருட்டி, மேலே சிவப்புச் சர்பத்தை ஊற்றித் தருவார்கள். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் வளர்ந்த பெரியவர்கள் இந்த ஐஸ் உருண்டையை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்வார்கள். சர்பத் என்ற சொல்லே அரபு மொழியில் குடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும். மேல்நாட்டு விடுதிகளில் பாலில்லாத பழ ஐஸை 'சோர்பே' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுவும் இந்தச் சர்பத்தின் வழிவந்த சொல்தான். ஆக, நம் வீட்டுப் பண்டமே சீமை உடை உடுத்தித் திரும்பி வந்திருக்கிறது!

இனிமையாக இருந்த அந்த ஐஸ் உருண்டையில் ஓர் ஆபத்தும் இருந்தது. தெருவோரத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை; கை கழுவ வசதி இல்லை. காலரா, டைபாய்டு போன்ற நோய்கள் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுபவை. சிங்கப்பூரில் தெருவோர வியாபாரிகளைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள அங்காடி நிலையங்களுக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். 1986க்குள் அந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்தது.

இங்கே தாய்மார்கள் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் ஆகிவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. குளிரில் பல கிருமிகள் உறங்குகின்றனவே தவிர, சாவதில்லை. ஐஸ் உருகி வயிற்றுக்குள் போனதும் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். எனவே, குடிக்கத் தகாத தண்ணீர் ஐஸ் செய்யவும் தகாது. ஓடையிலோ கிணற்றிலோ தொட்டியிலோ எடுக்கும் தண்ணீராக இருந்தால், நன்றாகக் கொப்புளித்துக் கொதித்த பின்பு மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். மீன் கடையில் மீனுக்குப் போடும் ஐஸை ஒருபோதும் உண்பதற்கு எடுக்காதீர்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். தோட்டத்து வீடுகளைச் சுற்றிப் பப்பாளியும் கொய்யாவும் மாமரமும் பெரும்பாலும் இருக்கும். பழுத்துக் கனிந்து, சந்தையில் விலை போகாத பழம்தான் ஐஸுக்கு மிகவும் நல்லது. ஆனால் அழுகியதும், பூஞ்சணம் பிடித்ததும், புளித்த நாற்றம் அடிப்பதும் வேண்டாம்.

மாம்பழமாக இருந்தால் அரைக் கிலோ சதை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் சர்க்கரையை நூறு மில்லி லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிடுங்கள். பழச்சதையை மசித்து, நார் இருந்தால் வடிகட்டி, ஆறிய பாகோடு கலந்து, ஒரு கஸ்தூரி எலுமிச்சையின் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேருங்கள். அன்னாசிக்கும் பப்பாளிக்கும் இதே அளவு பொருந்தும். பப்பாளிக்கு மட்டும் எலுமிச்சையைச் சற்றுக் கூட்டுங்கள். தர்பூசணியில் தண்ணீர் அதிகம். ஆகவே பாகுக்குத் தண்ணீர் சேர்க்காமல், சிறிது பழச்சாற்றிலேயே சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்துவிடலாம்.

சர்க்கரை எதற்கு என்று கேட்பீர்கள். இனிப்புக்கு மட்டுமல்ல. வெறும் தண்ணீர் கல்லைப்போல உறையும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் முழுவதும் உறையாது. அதனால்தான் ஐஸ் கரண்டிக்கு இளகிக் கொடுக்கிறது. சர்க்கரையை மிகவும் குறைத்தால் ஐஸ் பாறையாகிவிடும். மிகவும் கூட்டினால் உறையாமல் கூழாகவே நிற்கும். குளிர்ந்த நிலையில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கலவையைச் சுவைத்துப் பார்க்கும்போது சற்றே தூக்கலாக இருந்தால் போதும்.

குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டில், கலவையைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி மூடி உறைபெட்டியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓரங்கள் உறையும். முள்கரண்டியால் சுரண்டி நடுப்பகுதியோடு கலந்து மீண்டும் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இப்படி மூன்று நான்கு தடவை செய்யவேண்டும். சும்மா விட்டுவிட்டால் பனித் துணுக்குகள் பெரிதாக வளர்ந்து பல்லில் நறநறக்கும். அடிக்கடி கலைத்துவிட்டால் அவை சிறியனவாகவே நின்று, ஐஸ் பஞ்சுபோல் வரும். இரகசியம் இவ்வளவுதான்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் காலத்து முறை ஒன்று உண்டு. மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டியில் கலவையைப் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். அதை ஒரு வாளிக்குள் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும் மாறிமாறிப் போடுங்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு பட்டதும் ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தூக்குச்சட்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதனால் வாளிக்குள் குளிர் சுழியத்துக்கும் கீழே இறங்கி, பழக்கூழ் உறைகிறது. தூக்கின் கைப்பிடியைப் பற்றி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தைச் சுரண்டிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் ஐஸ் தயாராகிவிடும். திறக்கும் முன் மூடியைத் துடையுங்கள். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். பிள்ளைகள் உப்பு கலந்த ஐஸைக் கையால் அள்ளக்கூடாது. அந்தக் கடுங்குளிர் தோலைச் சுட்டுவிடும். மிஞ்சிய உப்புத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

மலேசியாவில் நீளமான பிளாஸ்டிக் பைகளில் பழச்சாற்றை ஊற்றி, முடிச்சுப் போட்டு உறைய வைத்து 'ஐஸ்கிரீம் மலேசியா' என்று விற்கிறார்கள் அல்லவா? வீட்டில் இருந்தபடியே பல பெண்கள் அதில் நான்கு காசு பார்த்திருக்கிறார்கள். நீங்களும் முயலலாம். வண்ணப்பொடியும் சீனித் தண்ணீரும் கலந்து விற்பதைக் காட்டிலும், மெய்யான பழம் போட்டு விற்றால் பெயரும் நிற்கும். புதிய பைகளையே பயன்படுத்துங்கள். வெளிப்புறம் சுத்தமாக இருக்கட்டும். பிள்ளைகள் அதைத்தான் வாயில் வைத்துக் கடிக்கிறார்கள். பழம், சர்க்கரை, பை, மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் பார்த்த பிறகு விலை வையுங்கள். உங்கள் வட்டாரத்தில் உணவு விற்க என்ன விதி என்பதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சர்க்கரையின் மறுபக்கம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. சிங்கப்பூரில் 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. அந்த நோய் இந்தியர்களிடையே மிகுதியாக இருக்கிறது. நாம் சொன்ன மாம்பழ ஐஸை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால், ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை ஏறத்தாழ பன்னிரண்டு கிராம்; அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. ஒரு டின் சோடாபானத்திலோ முப்பது கிராமுக்கு மேலேயே இருப்பதுண்டு. வீட்டு ஐஸ் அதைவிட மேல்தான். ஆனாலும் அது தினமும் உண்ணும் பண்டம் அன்று. வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் போதும். நீரிழிவு உள்ள பெரியவர்கள், சர்க்கரை சேர்க்காமல் உறைய வைத்த ஓரிரு பழத்துண்டுகளைச் சுவைத்துக்கொள்ளலாம். அதையும் தங்கள் உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் தின்றால் சளி பிடிக்கும் என்று சில வீடுகளில் பிள்ளைகளை அடிப்பதும் உண்டு. சளி பிடிப்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நுண்கிருமியினால், ஐஸினால் அன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் கொடுக்காதீர்கள். அது அவர்களுக்குக் கடும் நோயை உண்டாக்கக்கூடும். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கும் ஐஸ் மருந்தாகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வெயிலில் வேலை செய்து திரும்புகிறவர்களுக்கும் ஒரு சொல். ஐஸ் நாவைக் குளிர்விக்கும். ஆனால் வேர்வையில் போன தண்ணீரை முழுவதும் ஈடுசெய்யாது. முதலில் வயிறு நிறையத் தண்ணீர், பிறகுதான் ஐஸ்.

உருகிய ஐஸைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். செய்த ஐஸை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். செய்யும்முன் கையையும் பாத்திரத்தையும் பழத்தையும் கழுவுவது முதல் வேலை. இந்த நான்கைந்து விதிகளைப் பிடித்துக்கொண்டால், பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கித் தரும் காசு மிஞ்சும். மரத்தடியில் விழுந்து அழுகும் பழமும் பண்டமாகும். வரும் ஞாயிற்றுக்கிழமை பப்பாளியோ மாம்பழமோ எது கையில் கிடைக்கிறதோ அதைக் கொண்டு செய்து பாருங்கள். சுரண்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். தாங்கள் செய்த ஐஸுக்கு அவர்கள் தனி ருசி காண்பார்கள்.