வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கடன், வசூல் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மருமகளுக்கு அப்போ ஏழாம் மாசம். "அத்தை, துணி நனைஞ்சுகிட்டே இருக்கு"ன்னு சொன்னா. "உடம்புச் சூடுதான், வெந்தயத்தை ஊறவெச்சுக் குடி"ன்னு சொல்லிட்டேன். மூணாம் நாள் காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தது. பிறந்த குழந்தை ஒரு நாள்தான் இருந்தது. "குடம் தூக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?"ன்னு அவளையே திட்டினேன்.

பிறகுதான் நர்ஸம்மா விளக்கினாங்க. துணியை நனைச்சது பனிக்குடத் தண்ணி. கண்ணுக்குத் தெரியாத கிருமி கர்ப்பப்பை வாய் வழியா மேலே ஏறிப் பனிக்குடம் வரைக்கும் போயிடுமாம். அதை எதிர்க்க உடம்பு சுரக்கும் பொருள்களே பனிக்குடச் சவ்வை நைய வைக்கும். கர்ப்பப்பையைச் சுருக்கி வலியைக் கிளப்பும். ஆரம்பத்தில் காய்ச்சல்கூட இருக்காது. 37 வாரம் முடியும் முன் பிறக்கும் குறைப்பிரசவத்துக்கு இது ஒரு பெரிய காரணம். குடத்தின் மேல் பழியில்லை. என் மருமகள் மேல் தப்பே இல்லை. இதை நாலு பேர் முன்னாடி சொல்லணும்னுதான் மேடை ஏறினேன்.

உடனே போயிருந்தால், கிருமிக்கு மருந்து கொடுத்திருப்பார்கள். 34 வாரத்துக்குள் என்றால், குழந்தையின் நுரையீரல் பலப்படத் தாய்க்கு ஊசி போடுவார்கள். நியூசிலாந்து டாக்டர் லிகின்ஸ் முதலில் செம்மறி ஆடுகளில்தான் இதைக் கண்டார். டாக்டர் ஹோவியோடு சேர்ந்து, தாய்மார்களுக்குப் போட்டும் பலன் கிடைத்ததை 1972ல் வெளியிட்டார். ஆனால் தொற்று முற்றிக் காய்ச்சல் வந்துவிட்டால் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது.

நம்ம மேட்டூர் அணைச் சுவரில் கசிவு தெரிந்தால், உடையட்டும் பார்க்கலாம்னு யாராவது இருப்பாங்களா?

தண்ணி கசிந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, சிறுநீர் எரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மாசம் ஆகும் முன்னே வயிறு இறுகி இறுகி விட்டாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தண்ணி உடைஞ்சா 108ஐக் கூப்பிடுங்க. காசு கேட்க மாட்டாங்க. சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீங்க.

குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூலிக்கும்போது, கர்ப்பமா இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்க: "துணி நனையுதா, கண்ணு?" மாமியாரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளை நம்மகிட்டயாவது சொல்லட்டும்.